வெளிநாட்டில் ஒரு பள்ளி ஆண்டு: எக்ஸ்சேஞ்ச் மாணவருக்கான முழுமையான வழிகாட்டி

பதினாறு வயதில் வேறொரு நாட்டுக்குப் போய், முன்பின் தெரியாத குடும்பத்தில் ஒரு பிள்ளையாக இருந்து, பாதி மட்டுமே புரிகிற மொழியில் பள்ளிக்கூடம் போவது சின்ன விஷயம் இல்லை. தேர்வாகி, விசா கிடைத்து, டிக்கெட்டும் கையில் வந்துவிட்டால் பெரிய வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான வேலை அங்கே போய் இறங்கிய பிறகுதான் தொடங்குகிறது. அதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தத் திட்டங்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்திருப்பது நல்லது. ஏஎஃப்எஸ் அமைப்பு 1915-ல், முதல் உலகப்போரில் காயம்பட்டவர்களை ஏற்றிச்சென்ற தன்னார்வ ஆம்புலன்ஸ் ஓட்டுநர்களின் குழுவாகத் தொடங்கியது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், 1947-ல், அவர்கள் பள்ளி மாணவர்களை நாடு விட்டு நாடு அனுப்ப ஆரம்பித்தார்கள். 1951-ல் வைஎஃப்யு என்ற இன்னொரு எக்ஸ்சேஞ்ச் திட்டத்தில் ஜெர்மனியின் பதின்வயதுப் பிள்ளைகள் அமெரிக்கக் குடும்பங்களில் தங்கிப் படிக்கப் போனார்கள். சில ஆண்டுகளுக்கு முன்வரை எதிரெதிரே நின்று சண்டை போட்ட நாடுகள் அவை. அந்தப் பிள்ளைகளை விடுதியில் தங்கவைக்காமல் வீடுகளில் தங்கவைத்தார்கள். இன்றைக்கும் இந்தத் திட்டங்களின் உயிர் அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறது. அதனால் பள்ளியைவிட வீட்டைப் பற்றி இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

இப்படிப் போய் வந்த பிள்ளைகளோடு நிறையப் பழகியிருக்கிறேன். நன்றாக ஒன்றிப்போனவர்கள் எல்லோரும் மொழியில் கெட்டிக்காரர்கள் இல்லை, கலகலப்பானவர்களும் இல்லை. தெரியாததை அன்றைக்கே கேட்டுவிடும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. தவித்துப்போனவர்களில் பலர் "கேட்டால் தொந்தரவாக நினைப்பார்களோ" என்று தயங்கியவர்கள். கீழே வரும் ஒவ்வொரு கட்டத்திலும் யாரிடம், எதை, எப்போது கேட்பது என்பதுதான் முக்கியம்.

புறப்படும் முன்

முதல் கேள்வி உங்கள் சொந்தப் பள்ளிக்கு: இந்த ஆண்டு கணக்கில் சேருமா? திரும்பி வந்ததும் எந்த வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள்? எந்தப் பாடங்களை அங்கே கட்டாயம் படித்திருக்க வேண்டும்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஜே-1 பள்ளி மாணவர் விசாவில் 15 வயது முதல் 18 வயது 6 மாதம் வரை உள்ளவர்கள் போகலாம். ஒரு செமஸ்டரோ முழுக் கல்வியாண்டோ படிக்கலாம். அந்தப் பள்ளி உங்களுக்குப் பட்டயம் தரும் என்று எந்த உறுதியும் இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் போய், ஆண்டின் நடுவில் பதறுகிறவர்கள் உண்டு.

தாள்களை எல்லாம் கைப்பையில் வையுங்கள். பாஸ்போர்ட், விசா, காப்பீட்டு அட்டை, தடுப்பூசிப் பதிவு, கடைசி இரண்டு மூன்று ஆண்டு மதிப்பெண் சான்றுகள், இவற்றின் நகல்கள். தடுப்பூசிப் பதிவு சரியாக இல்லாவிட்டால் பல இடங்களில் முதல் நாள் வகுப்பிலேயே உட்கார விடமாட்டார்கள். அமெரிக்கா போகிறவர்கள், ஜே-1 விசாவுக்காக உங்களை அனுப்பும் அமைப்பு தரும் டிஎஸ்-2019 படிவத்தைப் பாஸ்போர்ட்டைப் போலவே பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆண்டின் நடுவில் அந்த நாட்டை விட்டு வெளியே போய்த் திரும்புவதாக இருந்தால், முன்கூட்டியே அதில் அமைப்பின் பயணக் கையெழுத்தை வாங்க வேண்டும்.

தினமும் மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை அசல் பெட்டியோடும், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய டாக்டர் சீட்டோடும் கொண்டு போங்கள். போகிற நாட்டில் அது அனுமதிக்கப்பட்டதுதானா என்று முதலிலேயே பாருங்கள். கவனக் குறைபாட்டுக்குச் சில நாடுகளில் டாக்டர்களே எழுதித் தரும் ஆம்ஃபெட்டமின் வகை மாத்திரைகள் ஜப்பானில் முழுக்கத் தடை செய்யப்பட்டவை. டாக்டர் சீட்டு இருந்தாலும் உள்ளே கொண்டுபோக முடியாது.

மின்சாரம் சின்ன விஷயம்தான், ஆனாலும் முதல் நாளே தலைவலி கொடுக்கும். ஐரோப்பாவில் 230 வோல்ட், அமெரிக்காவில் 120, ஜப்பானில் 100. போன், லேப்டாப் சார்ஜர்கள் பெரும்பாலும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், சொருகி மட்டும் மாற்றினால் போதும். முடி உலர்த்தும் கருவி அப்படியில்லை. அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

உங்களைத் தங்கவைத்துக்கொள்ளப்போகும் ஹோஸ்ட் குடும்பத்துக்கு எழுதும் கடிதத்தில் உண்மையாக இருங்கள். நாய் என்றால் பயமா, எதைச் சாப்பிட மாட்டீர்கள், ஒவ்வாமை உண்டா, இரவில் தூக்கம் வராதா, மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்திருக்கிறீர்களா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். மறைத்தால் அது மூன்றாவது வாரம் வெளியே வரும். அப்போது அவர்களுக்கு வருத்தம், உங்களுக்குச் சங்கடம்.

மொழிக்கு ஒரே ஒரு யோசனை. வணக்கம், நன்றி, நலமா என்று மனப்பாடம் செய்வதோடு நிறுத்திவிடாதீர்கள். கேட்பதற்கான வாக்கியங்களை நாக்கில் ஏற்றிக்கொள்ளுங்கள்: "இன்னொரு முறை மெதுவாகச் சொல்வீர்களா?", "இதற்கு என்ன பெயர்?", "நான் இப்போது என்ன செய்ய வேண்டும்?", "நான் புரிந்துகொண்டது சரியா?" இந்த நான்கும் முதல் இரண்டு மாதத்துக்குக் கைகொடுக்கும்.

முதல் இரவும் முதல் வாரமும்

விமானத்தில் இருந்து இறங்கிய உடம்பு அன்றைக்கு எதையும் சரியாக வாங்கிக்கொள்ளாது. மணி வேறுபாட்டுக்கு உடம்பு பழக, ஒவ்வொரு மணிநேர வேறுபாட்டுக்கும் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும் என்பது பொதுவான கணக்கு. கிழக்கு நோக்கிப் போனால் கொஞ்சம் கூடுதலாகவே ஆகும். பகல் வெளிச்சத்தில் நடங்கள், அந்த ஊர் இரவில் தூங்குங்கள். பத்திரமாக வந்து சேர்ந்ததை வீட்டுக்குச் சொல்லிவிட்டுப் படுத்துவிடுங்கள்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, குடும்பம் முழுக்க இருக்கும் நேரம் பார்த்து, ஒரு தாளோடு உட்காருங்கள். இந்த ஒரு மணி நேரம் பத்து மாத நிம்மதிக்கு ஈடு. "உங்கள் வீட்டுப் பழக்கங்களைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன், சில கேள்விகள் கேட்கலாமா?" என்று ஆரம்பித்தால் போதும். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். பல குடும்பங்கள் இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தாங்களே தவித்துக்கொண்டிருக்கும்.

கேட்க வேண்டியவை:

- உங்களை நான் எப்படிக் கூப்பிடட்டும்?
- வீட்டு வேலைகளில் தினமும் என்னுடைய பங்கு எது?
- காலையில் குளியலறை எனக்கு எப்போது, எவ்வளவு நேரம்?
- துணி துவைப்பது யார், எந்த நாள்? மெஷினை எனக்குக் காட்டித் தருவீர்களா?
- பசித்தால் ஃபிரிட்ஜில் இருந்து நானே எடுத்துக்கொள்ளலாமா? எதைத் தொடக்கூடாது?
- என் அறைக் கதவை மூடி வைத்தால் கோபம் என்று நினைப்பீர்களா?
- எத்தனை மணிக்குள் வீட்டுக்கு வர வேண்டும்? தாமதமானால் யாருக்குச் சொல்ல வேண்டும்?
- நண்பர்களைக் கூட்டி வரலாமா?
- குடும்பச் செலவு எது, என் கைச்செலவு எது?

கதவு பற்றிய கேள்வி அற்பமாகத் தோன்றும். அப்படி விட்டுவிடாதீர்கள். ஒரு வீட்டில் மூடிய கதவு "படிக்கிறாள்" என்று பொருள்படும், இன்னொரு வீட்டில் "எங்களைப் பிடிக்கவில்லை" என்று பொருள்படும். வெளியே சொல்லாமலே மாதக்கணக்கில் மனக்கசப்பு சேர்ந்துபோன வீடுகளை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் உண்மையில் வெறுமனே களைத்துப் போயிருந்தார்கள்.

இன்னொன்று. நீங்கள் விருந்தாளி என்ற நிலை ஒரு வாரம் தாங்கும். அதற்குமேல் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தால் உங்களுக்கே அந்நியமாக இருக்கும். சொல்லாமலே செய்யக்கூடிய ஒரு வேலையை உங்களுடையதாக எடுத்துக்கொள்ளுங்கள். மேசையைத் துடைப்பதோ, குப்பையை வெளியே வைப்பதோ, சின்னத் தம்பியைப் பேருந்து நிறுத்தம் வரை கூட்டிப்போவதோ, எதுவானாலும் சரி. வேலை செய்யும்போதுதான் பேச்சு தானாக வரும். எதிரெதிரே உட்கார்ந்து "இன்றைக்குப் பள்ளி எப்படி?" என்று கேட்டால் வராத சொற்கள், பக்கத்தில் நின்று பாத்திரம் துடைக்கும்போது வந்துவிடும்.

பள்ளிக்கூடம்

பள்ளி தொடங்கும் முன்பே ஒருமுறை போய்ப் பார்த்து வாருங்கள். பேருந்து எங்கே நிற்கும், நுழைவு எது, சாப்பிடும் இடம் எது, உதவிக்கு எந்த அறைக்குப் போக வேண்டும் என்று நடந்து பார்த்தாலே பாதி பயம் போய்விடும்.

கல்வியாண்டு எங்கும் ஒன்றாகத் தொடங்குவதில்லை. ஜப்பானில் ஏப்ரல், ஆஸ்திரேலியாவில் ஜனவரி இறுதி அல்லது பிப்ரவரி தொடக்கம், அமெரிக்காவில் ஆகஸ்ட் அல்லது செப்டம்பர். அதனால் ஓடிக்கொண்டிருக்கும் வகுப்பில் நடுவில் ஏறவேண்டி வரலாம். மதிப்பெண் முறையும் மாறும். ஜெர்மனியில் 1 என்றால் மிகச் சிறப்பு, 6 என்றால் தோல்வி. பிரான்சில் 20-க்கு மதிப்பெண் போடுவார்கள், அங்கே 14 வாங்கினாலே நல்ல மதிப்பெண்தான். முதல் விடைத்தாளைப் பார்த்து அழும் முன், எண்ணுக்கு என்ன பொருள் என்று கேளுங்கள்.

வகுப்பின் அமைப்பும் உங்கள் நட்புகளைத் தீர்மானிக்கும். ஜப்பானில் ஒரே வகுப்பு மாணவர்கள் ஆண்டு முழுக்கச் சேர்ந்தே இருப்பார்கள், ஆசிரியர்கள்தான் மாறி மாறி வருவார்கள். அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் மணி அடித்ததும் நீங்கள்தான் அறை மாற வேண்டும், ஒவ்வொரு வகுப்பிலும் வேறு முகங்கள். முதல் வகையில் குழுவுக்குள் நுழைவது சிரமம், நுழைந்துவிட்டால் கவலையில்லை. இரண்டாவது வகையில் எல்லோரும் சிரித்துப் பேசுவார்கள், ஆனால் மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்று தெரியாமல் நிற்பீர்கள். இது உங்கள் குறை இல்லை, கால அட்டவணையின் குணம் அது.

பாடம் தேர்ந்தெடுக்க இடம் இருந்தால், சொந்தப் பள்ளிக்குத் தேவையானவை போக, கையால் செய்யும் பாடம் ஒன்றாவது எடுங்கள். ஓவியம், இசை, மரவேலை, சமையல், நாடகம் இப்படி. அங்கே மொழி தடுமாறினாலும் வேலை பேசும், பக்கத்தில் இருப்பவரிடம் பேச ஒரு காரணமும் கிடைக்கும்.

ஒவ்வொரு ஆசிரியரையும் முதல் வாரத்தில் வகுப்பு முடிந்ததும் ஒரு நிமிடம் பாருங்கள். "நான் எக்ஸ்சேஞ்ச் மாணவர், வேகமாகப் பேசினால் பின்தொடரச் சிரமமாக இருக்கிறது. வீட்டுப்பாடத்தைப் பலகையில் எழுத முடியுமா? தேர்வில் அகராதி வைத்துக்கொள்ளலாமா?" என்று கேளுங்கள். அப்புறம், இணையத்தில் இருந்தோ ஏஐ கருவியில் இருந்தோ எடுத்து எழுதுவது பற்றி அந்தப் பள்ளியின் விதி என்ன என்றும் கேட்டுவிடுங்கள். சில பள்ளிகளில் நான்கு வரி நகலெடுத்தாலே பூஜ்யம்தான்.

மொழியைப் பற்றி ஒரு ஆறுதல். கனடாவைச் சேர்ந்த மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கமின்ஸ், அன்றாடப் பேச்சு மொழியையும் பாடப்புத்தக மொழியையும் 1979-ல் பிரித்துக் காட்டினார். குடியேறிய பிள்ளைகளுக்குப் பேச்சு மொழி ஏறக்குறைய இரண்டு ஆண்டில் வந்துவிடும், பாடமொழியில் சக மாணவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும் என்றார். பத்து மாதத்தில் வரலாற்றுப் பாடம் முழுக்கப் புரியவில்லையே என்று நொந்துகொள்வதில் அர்த்தமில்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்ன ஜோக் நவம்பரில் புரிந்தால், நீங்கள் சரியான வேகத்தில் போகிறீர்கள்.

முதல் சில வாரங்கள் மாலையில் தலை கனக்கும். நாள் முழுக்க அந்நிய மொழியைக் கேட்டுக்கொண்டே இருப்பது அவ்வளவு உழைப்பு. வந்ததும் அரை மணி நேரம் படுங்கள். ஆனால் முன்பே சொல்லிவிடுங்கள்: "கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன், கொஞ்சம் படுத்துவிட்டு ஆறு மணிக்கு வருகிறேன்." சொன்னபடி ஆறு மணிக்கு வெளியே வந்துவிடுங்கள்.

நண்பர்கள்

முதல் வாரம் நீங்கள் புதுமை. எல்லோரும் கேள்வி கேட்பார்கள். மூன்றாவது வாரம் அந்த ஆர்வம் அடங்கிவிடும். அவர்களுக்குப் பால்யத்தில் இருந்தே நண்பர்கள் இருக்கிறார்கள், உங்களுக்குத்தான் அவர்கள் வேண்டும். அதனால் முதல் அடியை நீங்கள்தான் எடுத்துவைக்க வேண்டும். ஒன்றுக்குப் பத்து முறை நீங்களே போய்க் கேட்க வேண்டியிருக்கும்: "சனிக்கிழமை என்ன செய்கிறீர்கள், நானும் வரலாமா?" சிலர் மழுப்புவார்கள். சிலர் "ஆமாம், நிச்சயம்" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவார்கள். நாளும் நேரமும் குறித்துக் கேட்டால்தான் அது நடக்கும்.

வாரம் இரண்டு மூன்று முறை அதே ஆட்களைப் பார்க்க வைக்கும் ஒரு குழுவில் சேருங்கள். இதற்குக் கெடு உண்டு. அமெரிக்கப் பள்ளிகளில் இலையுதிர்கால விளையாட்டு அணிகளுக்கான தேர்வு வகுப்பு தொடங்கும் முன்பே நடந்துவிடுவது சாதாரணம், போய்ச் சேர்ந்த அன்றே விசாரித்துவிடுங்கள். ஜெர்மனியில் விளையாட்டு பெரும்பாலும் பள்ளிக்கு வெளியே, ஊர்ச் சங்கங்களில்தான் நடக்கும். பள்ளியில் எதுவும் இல்லையே என்று காத்திருந்தால் ஆண்டு ஓடிவிடும். திறமை தேவையில்லை. ஓடத் தெரியாவிட்டாலும் அணியோடு பேருந்தில் போகும் அந்த ஒரு மணி நேரம் போதும்.

அதே ஊரில் இருக்கும் மற்ற எக்ஸ்சேஞ்ச் மாணவர்கள் பெரிய ஆறுதல். உங்கள் தவிப்பு அவர்களுக்கு விளக்கமில்லாமலே புரியும். ஆனால் எல்லா வார இறுதியும் அவர்களோடே போனால், உள்ளூர் நண்பர்கள் அமைய இடமில்லாமல் போய்விடும்.

வீட்டு நினைவு

கலெர்வோ ஓபர்க் என்ற மானுடவியலாளர் 1954-ல் ஆற்றிய உரை ஒன்றில் பண்பாட்டு அதிர்ச்சியை விவரித்தார்: முதலில் தேனிலவு போல மயக்கம், பிறகு எரிச்சலும் வெறுப்பும், பிறகு மெல்ல மெல்லப் பிடிபடுதல், கடைசியில் இயல்பாதல். 1955-ல் நார்வேக்காரரான லிஸ்கார்ட், அமெரிக்கா போய்வந்த 200 நார்வேக்காரர்களை ஆராய்ந்து, இந்த ஏற்ற இறக்கம் ஆங்கில எழுத்து 'யு' போல இருக்கிறது என்றார். பின்னால் வந்த ஆய்வுகளில் பலருக்கு அப்படி அழகான வளைவு எதுவும் தென்படவில்லை. சிலருக்கு முதல் வாரமே மிகக் கடினமாக இருக்கும். சிலருக்குப் பண்டிகை நாளிலோ, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாதபோதோ திடீரென்று தாக்கும். எந்த வடிவத்தில் வந்தாலும் அது உங்கள் பலவீனம் இல்லை.

எல்லாவற்றின்மீதும் எரிச்சல் வரத் தொடங்கினால், அந்த நாட்டு மக்களைப் பற்றி "இவர்கள் எல்லோருமே இப்படித்தான்" என்று பேச ஆரம்பித்தால், அது இரண்டாவது கட்டம் என்று புரிந்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் "திரும்பிப் போகட்டுமா" என்று முடிவெடுக்க வேண்டாம். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேளுங்கள்.

போன் இங்கே மருந்தும் ஆகும், நோயும் ஆகும். பெற்றோரோடு வாரம் ஒன்று அல்லது இரண்டு நாள், குறித்த நேரத்தில் நிதானமாகப் பேசுங்கள். மணிக்கு மணி செய்தி அனுப்பினால் உடல் ஒரு நாட்டில், மனம் இன்னொரு நாட்டில் என்று ஆகிவிடும். இதைப் பெற்றோருக்கும் சொல்கிறேன்: பிள்ளை அழுதுகொண்டு கூப்பிட்டால் கேளுங்கள், உடனே ஹோஸ்ட் குடும்பத்துக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்காதீர்கள். "இதை அங்கே யாரிடம் சொன்னாய்?" என்று கேளுங்கள். அடுத்த நாள் பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும், நீங்கள்தான் தூங்காமல் இருப்பீர்கள்.

தொடர்ந்து தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, எழுந்து பள்ளிக்குப் போகவே முடியவில்லை என்று இரண்டு வாரம் நீடித்தால் அது வெறும் வீட்டு நினைவு இல்லை. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். ஹோஸ்ட் பெற்றோர், பள்ளி ஆலோசகர், உங்களைக் கவனித்துக்கொள்ள அமைப்பு வைத்திருக்கும் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர், யாராவது ஒருவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

விதிகளும், உறவு சரியாக அமையாதபோதும்

விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ரோட்டரி சங்கத்தின் எக்ஸ்சேஞ்ச் திட்டத்தில் போகும் மாணவர்களுக்கு நன்றாகத் தெரிந்தவை நான்கு: மது கூடாது, போதைப்பொருள் கூடாது, வண்டி ஓட்டக்கூடாது, காதல் உறவு கூடாது. மற்ற அமைப்புகளுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. மீறினால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அந்த நாட்டில் உங்கள் வயதுக்காரர்களுக்குச் சட்டம் அனுமதித்தாலும், அமைப்பு அனுமதிக்காவிட்டால் உங்களுக்கு இல்லை. ஜே-1 பள்ளி மாணவர்கள் சம்பள வேலைக்குப் போக முடியாது. எப்போதாவது குழந்தை பார்த்துக்கொள்வது, தோட்ட வேலை செய்வது போன்றவற்றுக்கு மட்டும் இடமுண்டு.

ஹோஸ்ட் குடும்பத்தோடு உரசல் வந்தால், முதலில் அவர்களிடமே பேசுங்கள். சின்னதாக இருக்கும்போதே பேசுங்கள். "நீங்கள் எப்போதும் என்னை..." என்று ஆரம்பிக்காமல், "நேற்று நடந்தது எனக்குக் குழப்பமாக இருந்தது, நான் என்ன செய்திருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். முகத்துக்கு நேரே சொல்ல மொழி போதவில்லை என்றால் எழுதிக் கொடுங்கள். இரண்டு முறை பேசியும் சரியாகவில்லை என்றால் ஒருங்கிணைப்பாளரிடம் போங்கள். அமெரிக்க விதிப்படி இந்த ஒருங்கிணைப்பாளர் உங்கள் வீட்டில் இருந்து 120 மைலுக்குள் இருக்க வேண்டும், மாதம் ஒருமுறையாவது உங்களோடு தொடர்புகொள்ள வேண்டும். அந்த மாதாந்திரப் பேச்சில் "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடாதீர்கள். குடும்பம் மாறுவது தோல்வியும் இல்லை. ரோட்டரியின் நீண்டகாலத் திட்டத்தில் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட வீடுகளில் இருப்பதே வழக்கம்.

ஆனால் சில விஷயங்களில் நிதானம் வேண்டாம். யாராவது தகாத முறையில் தொட்டால், "யாரிடமும் சொல்லாதே" என்று சொன்னால், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டால், சாப்பாடு மறுத்தால், அதே நாளில் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிடுங்கள். அவர் தட்டிக்கழித்தால் அமைப்பின் தலைமை அலுவலகம், பள்ளி ஆலோசகர், உங்கள் பெற்றோர், யாரை வேண்டுமானாலும் கூப்பிடுங்கள். அமெரிக்காவில் இதற்கென்றே வெளியுறவுத் துறையின் உதவி எண் உண்டு, அது எழுதிய அட்டையை உங்களுக்குத் தருவார்கள். ஆபத்து என்றால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 112, அமெரிக்காவிலும் கனடாவிலும் 911, ஆஸ்திரேலியாவில் 000, ஜப்பானில் போலீசுக்கு 110, ஆம்புலன்சுக்கு 119. போன் தொலைந்தாலும் கைகொடுக்கும்படி ஒருங்கிணைப்பாளர் எண்ணையும் வீட்டு முகவரியையும் ஒரு தாளில் எழுதிப் பணப்பையில் வையுங்கள்.

கடைசி இரண்டு மாதம்

இந்தக் கட்டத்தில் அங்கே வேரூன்றியிருப்பீர்கள், கிளம்பும் நேரமும் வந்துவிட்டிருக்கும். பள்ளி அலுவலகத்தில் முத்திரையிட்ட மதிப்பெண் பதிவைக் கேட்டு வாங்குங்கள். படித்த பாடங்களின் விவரத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள். விடுமுறையில் அலுவலகம் மூடியபின் இவற்றைத் தொலைவில் இருந்து வாங்குவது பெரும்பாடு. சிகிச்சை எதுவும் எடுத்திருந்தால் காப்பீட்டு ரசீதுகளை முடித்துவிடுங்கள். ஆண்டு முழுக்கச் சேர்ந்த சாமான்களை எடை பார்த்துப் பாதியைக் கொடுத்துவிடுங்கள்.

திரும்பிய வீட்டிலும் ஒரு தடுமாற்றம் இருக்கும். 1963-ல் கல்லாஹார்ன் தம்பதியர் லிஸ்கார்டின் 'யு' வளைவைத் திரும்பி வந்த பிறகான காலத்துக்கும் நீட்டி, அது இரட்டை வளைவாகிறது என்று எழுதினார்கள். உங்கள் அறை அப்படியே இருக்கும், நண்பர்களின் பேச்சில் மட்டும் உங்களுக்குத் தெரியாத ஓர் ஆண்டு இருக்கும். அவர்களிடமும் கேளுங்கள்: நான் இல்லாதபோது என்னவெல்லாம் நடந்தது? உங்கள் கதையை அதற்கப்புறம் சொல்லலாம். ஹோஸ்ட் அம்மாவுக்குப் பத்திரமாக வந்து சேர்ந்த செய்தியை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள், அவரும் தூங்காமல்தான் காத்திருப்பார்.